நாவலடிக்கு ஒரு கையெழுத்து

கொடிகாமத்துக்குத் தெற்கே, கடல்நீரேரிப் பக்கம் போகும் மணல் ஒழுங்கையில் நாவலடி என்றொரு காணி இருந்தது. ஆறு பரப்பு. நல்ல தண்ணீர்க் கிணறு, காய்க்கிற தென்னைகள், ஒழுங்கைக்கு நேரே முகம். குணலட்சுமியின் தாய்க்குச் சீதனமாக வந்த காணி அது. சாகும் முன் தாயே, காணிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசைக் கூப்பிட்டு அதை மகளின் பேரில் எழுதிவைத்தாள். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். குணலட்சுமியின் தமையன் மார்க்கண்டருக்கும் தெரியும். தெரிந்துதான் அவர் அதில் பள்ளிக்கூடம் தொடங்கினார்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளிக்கூடம் ஊருக்குத் தேவையாகத்தான் இருந்தது. அதுவரை பிள்ளைகள் மூன்று கட்டை தூரம் நடந்து மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். மாரியில் வெள்ளம் மறித்தால் அதுவும் இல்லை. மார்க்கண்டர் கைக்காசில் ஓலைக் கொட்டில் ஒன்று போட்டார். ஏரம்பு என்ற வாத்தியாரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். அரசாங்க வித்தியா பகுதியாருக்கு மனுவுக்கு மேல் மனு எழுதிப் பதிவும் வாங்கினார். அன்றிலிருந்து ஊர் அவரை மனேச்சர் என்று கூப்பிட்டது. அந்தப் பேர் அவருக்கு நெற்றியில் பூசிய விபூதி மாதிரி ஆகிவிட்டது. வெளியாட்கள் வந்தால் பெண்சாதி செல்வநாயகிகூட, "மனேச்சர் சாப்பிடுறார், கொஞ்சம் இருங்கோ" என்றுதான் சொல்வாள்.

"கொஞ்சக் காலத்துக்குத்தான் பிள்ளை," என்று மார்க்கண்டர் தங்கச்சிக்குச் சொல்லியிருந்தார். "உன்ரை கலியாணத்துக்கு முந்தி வேறை இடம் பாத்து மாத்திப்போடுவன்."

குணலட்சுமிக்கு அப்போது இருபது வயது. அண்ணை சொன்னால் சரி என்று இருந்தாள்.

இரண்டு வருஷத்தில் மீசாலையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. சீவரத்தினம் என்று பேர், யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். பள்ளிக்கூடம் பார்க்கிற சாட்டில் ஒருநாள் வந்து, கிணற்றடியில் நின்றவளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தான். "நல்ல தண்ணி," என்றான். செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அவன் காது சிவந்திருந்ததை அவள் கண்டாள். சாதகம் பொருந்தியது. நாவலடியைச் சீதனமாகக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பிறகு என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. அந்தப் பக்கமிருந்து ஆள் வருவது நின்றுவிட்டது.

"அவையளுக்கு ஆசை கூடிப்போச்சு," என்றார் மார்க்கண்டர். "வேறை பாப்பம்."

வேறு பார்த்தது கொஞ்சக் காலம். பிறகு அதுவுமில்லை. வருஷா வருஷம் பரிசளிப்பு விழாவில் மனேச்சர் எழும்பி, "சரஸ்வதிக்குக் காணி குடுத்த என்ரை தங்கச்சி" என்று ஒரு வசனம் சொல்வார். சனம் கைதட்டும். அவள் அடுப்படியில் விழாவுக்கு வந்த பெரிய மனிசருக்கு வடை சுட்டுக்கொண்டிருப்பாள். கையில் எண்ணெய் தெறித்த தழும்புகளும் முன்மயிரில் ஒரு நரையும் வந்தன. தன் தலைவிதி இவ்வளவுதான் என்று ஒருவிதமாக அமைதிப்பட்டும் இருந்தாள்.

அந்த அமைதியைக் கலைத்தவள் சின்னாச்சி. சீவரத்தினத்தின் தமக்கை.

மட்டுவில் அம்மன் கோவிலில் பங்குனித் திங்கள் பொங்கல். வெயில் ஏறுகிற நேரம். வளவு முழுக்கப் பெண்கள் கல்லடுப்புக் கூட்டிப் பொங்கிக்கொண்டிருந்தார்கள். குணலட்சுமியின் அடுப்புக்குப் பக்கத்து அடுப்பு சின்னாச்சியுடையது. முதலில் இருவரும் பேசவில்லை. பிறகு சின்னாச்சிதான் புகையில் கண்ணைக் கசக்கியபடி வாயைத் திறந்தாள்.

"நீர் மார்க்கண்டரின்ரை தங்கச்சியல்லோ? நேர்த்தி எல்லாம் நல்லபடி நடக்குதோ?"

"என்ன நேர்த்தி?"

"கலியாணம் வேண்டாம், பள்ளிக்கூடத்துக்கே இருந்திடுறன் எண்டு நேர்த்தி வைச்சனீராம். உம்மடை அண்ணைதானே எங்கடை வீட்டை வந்து அம்மாவுக்குச் சொன்னவர். அம்மாவின்ரை கையைப் பிடிச்சு அழுதவர். தம்பி நம்பேல்லை. மனம் மாறுவீர் எண்டு ரண்டு வருஷம் ஒருத்தியையும் பாக்க விடாமல் இருந்தவன். பேந்துதான் அரியாலையிலை கட்டினவன்."

குணலட்சுமி அகப்பையை விடவில்லை. பால் பொங்கி அடுப்பில் ஊற்றியது. அரிசி அடிப்பிடித்து மணத்தது. "பொங்கல் கருகுது பிள்ளை," என்று சின்னாச்சி அவள் முழங்கையைத் தட்டினாள். அதன் பிறகுதான் அவள் பானையை இறக்கினாள்.

வண்டிலில் திரும்பும் வழியெல்லாம் கூட வந்த அண்ணி செல்வநாயகி ஏதோ கதைத்துக்கொண்டு வந்தாள். குணலட்சுமிக்கு ஒரு சொல் காதில் ஏறவில்லை. அண்ணை அழுதவராம். அந்தக் கண்ணீரை அவள் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். காணி வேண்டும் என்று நேரே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் வாயால் சொல்லாத சொல்லை அவள் வாயில் வைத்து, அதற்காக இன்னொரு வீட்டில் போய் அழுதுமிருக்கிறார்.

வீட்டுக்குப் போனதும் கேட்டுவிட வேண்டும் என்றுதான் வந்தாள். மார்க்கண்டர் முற்றத்தில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார். "பொங்கல் கொண்டந்தனியோ பிள்ளை?" என்றார். கருகின பொங்கலைக் கொடுத்தாள். அவர் குறை சொல்லாமல் சாப்பிட்டார். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது கேட்டால் ஒருநாள் சத்தம், இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருப்பார், பிறகு எல்லாம் பழையபடி. அவ்வளவுக்குத்தானா இத்தனை வருஷம் போனது? அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த வருஷமே சந்தர்ப்பம் தானாக வந்தது. ஓலைப் பள்ளிக்கூடங்களைக் கற்கட்டிடமாக்க வித்தியா பகுதியார் உதவிப்பணம் கொடுக்கப்போவதாக அறிவித்தார்கள். செலவில் பாதி மனேச்சருடையது. அவர் சுவரை எழுப்பிக் காட்டினால் கூரை, கதவு, யன்னலுக்கு மிச்சப் பாதியை அரசாங்கம் தரும். ஆனால் பணம் கைக்கு வருமுன் காணி மனேச்சர் பேரில் உறுதிப் பத்திரமாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மார்க்கண்டர் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளை, நாவலடியை ஒருக்கா என்ரை பேருக்கு மாத்தவேணும். பள்ளிக்கூட அலுவலுக்குத்தான். கிறான்ற் காசு வருது."

"ஓம் அண்ணை."

"வாற கிழமை நொத்தாரிசைக் கூப்பிடட்டோ?"

குணலட்சுமி மா அரித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு மாட்டேன் என்றால் இவருக்கு என்ன போய்விடும்? ஒரு ஆசை போகும். ஆசை போவது எப்படியென்று அவளுக்குத் தெரியும், ஆள் செத்துப்போவதில்லை.

"இப்ப என்ன அவசரம்?" என்றாள். "சுவர் எழும்பட்டும். இன்ஸ்பெக்டர் ஐயா வாற அண்டைக்கு, ஊருக்கு முன்னாலை வைச்சு எழுதித் தாறன். அதுதானே உங்களுக்கும் மரியாதை."

மார்க்கண்டரின் முகம் மலர்ந்தது. ஊருக்கு முன்னால் என்ற சொல் அவருக்குப் போதும்.

வேலை தொடங்கியது. அவர் தன் தென்னங்காணியை ஈடு வைத்தார். செல்வநாயகியின் பதக்கமும் சங்கிலியும் போயின. வலிகாமத்திலிருந்து வெள்ளைக்கல் வண்டில் வண்டிலாக வந்தது. சுண்ணாம்பு ஊறியது, சாரம் கட்டப் பனைமரங்கள் தறிபட்டன. குணலட்சுமி மேசன்மாருக்குக் கோப்பி கொண்டுபோனாள். கல்லுக்கட்டைப் போய்ப் போய்ப் பார்த்தாள். ஒரு மூலை கோணலாகப் போகிறதென்று சொல்லிப் பிரித்துக் கட்டுவித்தாள். "பாத்தியளோ, என்னிலும் பாக்க அவளுக்குத்தான் அக்கறை," என்று மார்க்கண்டர் எல்லாரிடமும் பூரித்துச் சொன்னார். பிறகு அவர் பெரிதாக ஆசைப்பட்டார். ஒரு மண்டபத்துக்குத்தான் வரைபடம். அவர் அலுவலக அறையொன்றும் முன்னால் தூண் வைத்த முகப்பும் சேர்த்தார். தூண் வேண்டாம் என்று ஏரம்பு வாத்தியார் தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தார். குணலட்சுமிதான், "தூண் இருந்தால்தான் அண்ணை எடுப்பு," என்றாள்.

ஆடி மாதம் சுவர் முழு உயரத்துக்கு எழும்பியது. இன்ஸ்பெக்டர் தில்லைநாதன் வந்தார். மெலிந்த மனிதர், சத்தம் போட்டுக் கதைக்காதவர். சுவரை அளந்து பார்த்தார், திருப்தி என்றார். கூரையில்லாத மண்டபத்தின் நடுவில் மேசை போட்டு வெள்ளை விரித்திருந்தது. ஊர்த் தலைமைக்கார விதானையார், நொத்தாரிசு, பெற்றார், பிள்ளைகள் எல்லாரும் நின்றார்கள். மார்க்கண்டர் பட்டுச் சால்வை போட்டிருந்தார்.

நொத்தாரிசு உறுதியைச் சத்தமாக வாசித்துவிட்டு இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்: "கலியாணம் செய்த பெண்ணெண்டால் புருசன்ரை சம்மதமும் வேணும். இவ தனியாள். இவவின்ரை கையெழுத்தே போதும்."

பின்னால் யாரோ மெல்லச் சிரித்தார்கள். குணலட்சுமி பேனையை எடுத்தாள். மை தொட்டாள். அண்ணையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பேனையை மேசையில் வைத்தாள்.

"நான் வைக்கமாட்டன்."

"என்ன பிள்ளை?" என்றார் மார்க்கண்டர், சிரிப்பு மாறாமல்.

"கையெழுத்து வைக்கமாட்டன் எண்டனான். காணி என்ரை. எழுதித் தர எனக்கு மனமில்லை."

மார்க்கண்டர் சபையைப் பார்த்துச் சிரித்தார். "பெண்டுகளுக்குச் சபையைக் கண்டால் பயம்…" என்று தொடங்கினார். அவள் இன்ஸ்பெக்டருக்கு நேரே திரும்பி, "எனக்குப் பயமில்லை ஐயா. நான் விளங்கித்தான் சொல்லுறன்," என்றாள்.

தில்லைநாதன் கடதாசிகளை ஒன்றாக அடுக்கினார். "உறுதி இல்லாமல் நான் ஒண்டும் செய்ய ஏலாது மனேச்சர். செப்டெம்பர் முடியமுந்தி வராட்டில் இந்தப் பணம் வேறை பள்ளிக்கூடத்துக்குப் போயிடும்." அன்றைக்கு அவர் சாப்பிட நிற்கவில்லை. ஆக்கின சோறும் கறியும் அப்படியே கிடந்தன.

வீட்டில் மார்க்கண்டர் சால்வையை உருவி நிலத்தில் எறிந்தார். "என்னைச் சபையிலை வைச்சு அறுத்திட்டியே! ஏனடி?"

"மட்டுவிலிலை சின்னாச்சியைக் கண்டனான்," என்றாள் குணலட்சுமி.

செல்வநாயகி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் தெரியாத கதை அது.

"அது… பள்ளிக்கூடத்துக்காக," என்றார். பிறகு, தப்பு அகப்பட்ட ஆள் போடுகிற சத்தம் போட்டார். "சோறு போட்டது ஆர்? சீலை எடுத்துத் தந்தது ஆர்? என்ரை வீட்டிலை இருந்துகொண்டு எனக்குக் குழி பறிக்கிறியோ? வெளிக்கிடு!"

"ஓம், வெளிக்கிடுறன்."

அவள் இரண்டு சீலை, ஒரு பாய், ஒரு பானை, ஒரு சட்டி எடுத்துக்கொண்டு நாவலடிக்குப் போனாள். மனேச்சரின் அலுவலக அறையென்று கட்டிய அறையில் அடுப்பு மூட்டினாள். மூலையில் நிழலுக்கு நாலு ஓலைக் கிடுகு வைத்துக் கட்டினாள். தூண்களுக்கு நடுவே கொடி கட்டிச் சீலை காயப்போட்டாள். அடுத்த கொட்டிலில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மார்க்கண்டர் சாவகச்சேரிக்குப் போய்ப் ஒரு புறக்கிறாசி வக்கீலிடம் சட்டம் கேட்டார். அடுத்தவர் காணி என்று தெரிந்துகொண்டே கட்டின சுவருக்கு வழக்குப் பேசினால் பத்து வருஷம் இழுபடும், வெல்லுவதும் நிச்சயமில்லை என்று அவர் சொல்லிவிட்டார். ஊர் இரண்டு பட்டது. ஆண்கள் அவளை மூளை பிசகின விசரி என்றார்கள். பெண்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் சொல்லிவிட்டு ஒவ்வொருத்தியாக அந்த ஒழுங்கையால் வந்தார்கள். தண்ணீர் அள்ளுகிற சாட்டில் ஒருத்தி ஒரு கொத்து அரிசி வைத்துவிட்டுப் போனாள். இன்னொருத்தி கருவாடு கொண்டுவந்தாள். "என்ரை அண்ணனும் என்னை இப்பிடித்தான் ஏமாத்திப்போட்டான்," என்று காதுக்குள் சொன்னாள். "நீ விடாதை."

அவள் விடவில்லை. பகலில் மண்டபத்தின் நடுவே நின்று மேலே பார்ப்பாள். வெறும் வானம். மாரி வந்தால் சாந்து கரையும், சுவர் நெகிழும், தூண்கள் பாசி பிடிக்கும். அதை ஊரே பார்க்கும். ஒவ்வொரு நாளும் அண்ணையும் பார்ப்பார். அந்த நினைப்பு அவளுக்குச் சாப்பாட்டைப் போல இருந்தது.

செப்டெம்பர் பிறந்து ஒரு மத்தியானம் மார்க்கண்டர் குடையும் கையுமாக வந்தார். மெலிந்திருந்தார். சொந்தக் கட்டிடத்துக்குள் நுழைய அனுமதி கேட்பதுபோல் வாசலில் நின்றார்.

"நான் என்ன எனக்கு மாளிகையோ கட்டினனான்? ஊர்ப்பிள்ளையளுக்கல்லோ," என்றார். "அப்பவும் அப்பிடித்தான். காணி கைமாறினால் பதிவு போயிடும், பிள்ளையள் தெருவிலை நிக்கும். நான் வேறை என்ன செய்ய?"

"என்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டால் நீ…"

"தந்திருப்பன்," என்றாள் குணலட்சுமி. "வேறை காணியைக் குடுத்து என்னைக் கட்டிவையுங்கோ, இதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுங்கோ எண்டு சொல்லியிருப்பன். நீங்கள் என்னை ஒருக்காக் கேட்டனீங்களோ? ஒரே ஒருக்கா?"

அவர் குடையின் பிடியைத் திருகிக்கொண்டு நின்றார்.

"இப்ப என்ன வேணும் உனக்கு?"

"அரியாலைக்கு வாருங்கோ. அந்த மனிசனுக்கு முன்னாலை, நான் பக்கத்திலை நிக்க, நீங்கள் சொன்னது பொய்யெண்டு சொல்லுங்கோ. சொன்னால் உறுதி எழுதித் தாறன்."

அதைவிடச் சாகலாம் என்று சொல்லிவிட்டு அவர் போனார். நாலாம் நாள் வந்து, "எப்ப போவம்?" என்று கேட்டார்.

கொடிகாமத்தில் ரயில் ஏறி, யாழ்ப்பாணத்தில் இறங்கி, வண்டில் பிடித்து அரியாலைக்குப் போனார்கள். சீவரத்தினம் வீட்டில்தான் இருந்தார். தலை வழுக்கை விழுந்து, மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். குணலட்சுமியை அவருக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அவருடைய மனைவி கோப்பித் தட்டோடு வந்தாள்.

மார்க்கண்டர் உட்காரவில்லை. "தம்பி," என்றார். தொண்டையைச் செருமினார். "முந்தி நான் உங்கடை அம்மாவிட்டை வந்து, என்ரை தங்கச்சி கலியாணம் வேண்டாமெண்டு நேர்த்தி வைச்சிருக்கிறாள் எண்டு சொன்னனான். அது பொய். அவள் ஒண்டும் சொல்லேல்லை."

"ஏன் சொன்னனீங்கள்?" என்றார் சீவரத்தினம்.

"பள்ளிக்கூடம்…"

"காணி எண்டு சொல்லுங்கோ," என்றாள் குணலட்சுமி.

மார்க்கண்டரின் வியர்வை மேல்சட்டைக் கழுத்தை நனைத்திருந்தது. "காணி போயிடும் எண்டு," என்றார். மெல்லத்தான் சொன்னார். ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

சீவரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரண்டு வருஷம் நான்…" என்று தொடங்கி, மனைவி நிற்பது ஞாபகம் வந்து நிறுத்தினார். தட்டு மேசையில் சற்று அழுத்தமாக வைக்கப்பட்டது. அந்தப் பெண் உள்ளே போனாள். இப்படி ஒருத்தி இந்த வீட்டில் இருப்பாள் என்பதைக் குணலட்சுமி வரும்போது நினைக்கவில்லை. ஒரு கணம் நெஞ்சு உறுத்தியது. ஆனால் இன்றைக்கு யாருக்கும் இரங்க அவள் வரவில்லை.

"நான் நேரை வந்து உம்மைக் கேட்டிருக்கவேணும்," என்றார் சீவரத்தினம்.

"ஓம்," என்றாள் அவள். "கேட்டிருக்கவேணும்."

கோப்பியை ஒருவரும் தொடவில்லை.

திரும்பும் ரயிலில் குணலட்சுமி யன்னலோரம் இருந்தாள். மனம் இலேசாக இருந்தது. எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். பிள்ளைகள் மழையில் நனையாமல் படிக்கட்டும். அண்ணையைப் பார்க்கக்கூடக் கொஞ்சம் பாவமாக இருந்தது. நாவற்குழிப் பாலம் தாண்டும்வரை அவர் தலை குனிந்திருந்தார். பிறகு காற்றுப்பட்டதாலோ என்னவோ நிமிர்ந்தார். சாவகச்சேரி வரும்போது அவருக்குப் பழைய குரல் வந்துவிட்டது.

"சரி, ஒருமாதிரி முடிஞ்சுது. நீதான் சின்ன விசயத்தைப் பெரிசாக்கினனி. அவனைப் பாத்தனியோ, வழுக்கைத் தலையன். அவனைக் கட்டியிருந்தால் மட்டும் என்ன வாழ்ந்திருப்பாய்?" அவர் சிரித்தார். "ஓடு போட்டாப்போலை முகப்பிலை ஒரு கல்லு வைக்கவேணும். 'மனேச்சர் மார்க்கண்டு கட்டுவித்தது' எண்டு. கீழை சின்னதா உன்ரை பேரையும் போடுவிக்கிறன், பயப்பிடாதை."

குணலட்சுமி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே தென்னந்தோப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. கொஞ்சம் முன்வரை மனதில் இருந்த இரக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"எப்ப எழுதுவம்?" என்றார் அவர்.

"எழுதித் தாறனெண்டனான், எழுதுவன்," என்றாள். ஆர் பேருக்கு என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஏரம்பு வாத்தியாரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் தில்லைநாதனின் கந்தோருக்குப் போனாள்.

"ஐயா, காணியை மனேச்சருக்குக் குடுக்காமல் நேரை அரசாங்கத்துக்கே குடுத்தால் என்ன நடக்கும்?"

தில்லைநாதன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அரசாங்கப் பள்ளிக்கூடமாகும். மிச்சக் கட்டிடச் செலவு முழுக்க அரசாங்கத்தினது. வாத்திமாருக்கு அரசாங்கச் சம்பளம், பென்சன். மனேச்சர் எண்டு ஒருத்தர் தேவையில்லை."

"நிக்கிற சுவர்?"

"காணியோடை வரும்." அவர் சற்றுப் பொறுத்து, "அம்மா, அவர் உம்மடை சொந்தத் தமையன்," என்றார்.

"ஓம் ஐயா. அதாலைதான்."

ஒரு மூலையில் ஒரு பரப்பைத் தனக்கென்று வைத்துக்கொண்டு, மிச்சம் ஐந்தையும் அன்றைக்கே எழுதிக் கொடுத்தாள். இந்த முறை கையெழுத்து வைத்த பிறகுதான் பேனையைக் கீழே வைத்தாள். வெளியே வந்ததும் ஏரம்பு வாத்தியாருக்குக் கண் கலங்கியிருந்தது. மனேச்சரை நினைத்தா, பென்சனை நினைத்தா என்று அவருக்கே தெரிந்திராது.

மார்க்கண்டருக்கு ஒருவரும் சொல்லவில்லை. நில அளவைக்காரர்கள் சங்கிலியோடு வந்த அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. கிறான்ற் வந்துவிட்டதென்று நினைத்து, பட்டுச் சால்வையைப் போட்டுக்கொண்டு வேகமாக வந்தார்.

"வாருங்கோ, வாருங்கோ. கிழக்கு எல்லையை நான் காட்டுறன்."

"நீங்கள் ஆர்?" என்றார் அளவைக்காரர்.

"நான்தான் மனேச்சர்."

அளவைக்காரர் தன் கடதாசியைப் பார்த்தார். "இது அரசாங்கப் பள்ளிக்கூடமல்லோ ஐயா. அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கு மனேச்சர் இல்லை. கொஞ்சம் விலத்தி நில்லுங்கோ, சங்கிலி இழுக்கவேணும்."

கொட்டிலுக்குள் வாய்ப்பாடு நின்றுபோயிருந்தது. பிள்ளைகள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். மார்க்கண்டர் அங்குமிங்கும் பார்த்தார். கிணற்றடியில் தங்கச்சி வாளியோடு நின்றாள். பிறகு அளவைக்காரர் சொன்னபடி விலகி நின்றார். அந்த விலகலை, அந்த இரண்டு காலடியை, குணலட்சுமி கண் வெட்டாமல் பார்த்தாள்.

ஈடு வைத்த தென்னங்காணி கைவிட்டுப் போனது. செல்வநாயகி தாய் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தாள். மாரி முடிந்து தை பிறந்ததும் அரசாங்கத்து வேலைக்காரர் கூரை போட வந்தார்கள். பிள்ளைகள் உட்காரப் புதிதாக மரவாங்குகள் வந்தன. மார்க்கண்டர் காலத்தில் குறைந்த சாதியென்று ஒதுக்கிய சில வீட்டுப் பிள்ளைகள் நிலத்தில்தான் இருந்தார்கள். இப்போது எல்லாரும் வாங்கில் இருக்க வேண்டும் என்று உத்தரவு. அது பிடிக்காமல் மேல்சாதிக்காரர் சிலர் தங்கள் பிள்ளைகளை மறித்து வைத்தார்கள். இரண்டு மாதம் போனதும் வேறு வழியில்லாமல் அனுப்பினார்கள். இதையெல்லாம் நினைத்துக் குணலட்சுமி காணி கொடுக்கவில்லை. யாராவது புகழ்ந்தால் அவள் ஏற்றுக்கொள்ளவும் இல்லை.

கடைசி ஓடுகள் ஏறுகிற அன்று மார்க்கண்டர் ஒழுங்கையில் வந்து நின்றார். சால்வை இல்லை. கொஞ்ச நாளாக அவர் சந்தைக்குப் போவதென்றாலும் சுற்றுவழியால்தான் போவார். அன்றைக்கு ஏனோ வந்திருந்தார். குணலட்சுமி தன் ஒரு பரப்பில் வேலி அடைத்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவே கிடுகு ஒரு ஆள் இடுப்பளவு உயரத்துக்கு நின்றது.

அவர் ஓடுகளையும் தூண்களையும் நெடுநேரம் பார்த்தார். நல்ல கட்டிடம். அதை அவரால் மறைக்க முடியவில்லை, முகத்தில் தெரிந்தது.

"என்னை ஒண்டுமில்லாமல் ஆக்கிப்போட்டாய்," என்றார். கோபம் இல்லாத குரல். "இப்பவாவது உனக்கு மனம் ஆறிச்சுதோ?"

குணலட்சுமி கட்டுகிற கயிற்றை விட்டுவிட்டு யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை.

"ஆறேல்லை அண்ணை," என்றாள். "ஆனா சந்தோசமாக் கிடக்கு."